சில வேளை இயங்கும், சில வேளை மறுக்கும்!
டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவின் பழுதைக் கண்டறியும் முறை

முற்றிலும் நின்றுபோன கடிகாரத்தைக் காட்டிலும் நின்று நின்று ஓடும் கடிகாரமே மனிதனுக்கு அதிகத் தொல்லை தருவது. நின்றுபோனதை எவரும் நம்பி இருப்பதில்லை. ஓடுவதுபோல் காட்டி, வேண்டிய வேளையில் நின்றுவிடுவதுதான் நம்மை ரயிலடியில் தவிக்க விடுகிறது. இயந்திரங்களின் பழுதுகளில் மிகவும் பொல்லாதது இவ்வகையே. டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிரா வைத்திருப்போரில் பலர் இந்தத் துன்பத்தை அனுபவித்திருப்பர். பத்துப் படம் ஒழுங்காக எடுக்கும். பதினோராவது படத்தில் திரையில் ஏதோ ஓர் எண்ணைக் காட்டி உறைந்து நிற்கும். அணைத்து மீண்டும் இயக்கினால் ஒன்றும் நடவாததுபோல் வேலை செய்யும். கடைக்கு எடுத்துச் சென்றால் அங்கே ஒரு குறையும் காட்டாது. கடைக்காரர், "நன்றாகத்தானே இருக்கிறது?" என்று நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. நிக்காஹ் முடிந்து மணமகனைப் பெரியவர்கள் கட்டித் தழுவி வாழ்த்தும் காட்சி ஒரு முறைதான் நிகழும். அந்த நொடியில் காமிரா மறுத்துவிட்டால், எத்தனை பணம் கொடுத்தாலும் அது திரும்ப வராது. படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டு, கடன் வாங்கிப் பழைய காமிரா ஒன்றை வாங்கியிருக்கும் இளைஞனுக்கோ, அது பிழைப்பையும் நற்பெயரையும் ஒருசேரப் பறித்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கேனான், நிக்கான் ஆகிய இரு பெரும் ஜப்பானிய நிறுவனங்களும் 2020ஆம் ஆண்டுக்குப் பின் புதிய எஸ்.எல்.ஆர். காமிரா எதையும் வெளியிடவில்லை. கண்ணாடி இல்லாத காமிராக்களுக்கே மாறிவிட்டன. ஆகவே இன்று நம் இல்லங்களில் இருப்பவை பெரும்பாலும் பல ஆண்டு உழைத்தவை, அல்லது இரண்டாம் கையாக வாங்கியவை. அவற்றை வீணே தூக்கி எறிவதும் பிழை. காரணம் அறியாமல் பழுதுபார்க்கப் பணத்தைக் கொட்டுவதும் பிழை. காரணத்தைக் கண்டறிவதே முதற்பணி. அதற்குத் திருப்புளி தேவையில்லை. பொறுமையும் ஒரு குறிப்பேடும் போதும்.

ஒரு நொடிக்குள் நடப்பவை

பொத்தானை அழுத்தியவுடன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்தால் பழுது எங்கே ஒளிந்திருக்கக் கூடும் என்பது விளங்கும். முதலில் காமிரா லென்ஸுடன் பேசுகிறது. இரண்டிற்கும் இடையே உள்ள சிறு பொன்முலாம் பூசிய முனைகள் வழியே இந்தப் பேச்சு நடைபெறுகிறது. அடுத்து, நாம் காட்சியைக் காண உதவிய கண்ணாடி மேலே எழும்புகிறது. லென்ஸின் உள்ளே உள்ள மெல்லிய இதழ்கள் குவிந்து ஒளித்துளையைச் சுருக்குகின்றன. ஷட்டரின் முதல் திரை திறக்க, ஒளி சென்ஸாரின் மீது படிகிறது. இரண்டாம் திரை மூடுகிறது. கண்ணாடி கீழே இறங்குகிறது. சென்ஸார் பதிந்த செய்தி தற்காலிக நினைவகத்திற்குச் சென்று, அங்கிருந்து மெமரி கார்டில் எழுதப்படுகிறது. இவை யாவும் கண்ணிமைக்கும் நேரத்தில், ஒரே பாட்டரியின் துணையால் நடந்து முடிகின்றன.

இச்சங்கிலியில் ஒரு கண்ணி பிசகினாலும் காமிரா நின்றுவிடும். பழுது விட்டு விட்டு வருகிறது என்றால், எங்கோ ஒரு தொடர்பு ஒரு சமயம் சேர்கிறது, மறு சமயம் சேரவில்லை என்றே பெரும்பாலும் பொருள். அத்தகைய தொடர்புகள் மிகுந்திருப்பது இணைப்புகளில்: பாட்டரி பொருந்தும் இடம், கார்டு நுழையும் இடம், லென்ஸ் மாட்டும் இடம், பிளாஷ் அமரும் இடம், கதவுகள், பொத்தான்கள். இவற்றுள் பலவற்றை நாமே சோதித்துப் பார்க்க முடியும். காமிராவின் மூளையாகிய மின்பலகையைக் குறை கூறுவதற்கு முன் இவற்றை ஒவ்வொன்றாக விசாரித்துவிட வேண்டும்.

முதல் மருந்து குறிப்பேடு

மருத்துவரிடம் செல்லும் நோயாளி, "எனக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் கூறினால் அவர் என்ன செய்வார்? எப்போது வருகிறது, எதை உண்டபின் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்றெல்லாம் கேட்பார். காமிராவுக்கும் அவ்வாறே. பழுது தோன்றிய ஒவ்வொரு முறையும் கீழ்க்கண்டவற்றை எழுதி வையுங்கள்: நேரம், இடத்தின் வெப்பம், மாட்டியிருந்த லென்ஸ், ஜூம் இருந்த நிலை, ஒளித்துளையின் எண், ஷட்டரின் வேகம், எந்தப் பாட்டரி, எந்தக் கார்டு, பிளாஷ் இருந்ததா இல்லையா, திரையில் தோன்றிய எழுத்தும் எண்ணும், எதைச் செய்தவுடன் சரியாயிற்று என்பது.

பாட்டரிகளுக்கும் கார்டுகளுக்கும் ஒட்டுத்தாளில் அ, ஆ, இ என்று பெயரிட்டுவிடுங்கள். ஐந்தாறு நிகழ்ச்சிகள் பதிவானதும் ஒரு பொதுத்தன்மை தென்படத் தொடங்கும். "ஆறு முறையும் 'ஆ' பாட்டரிதான் இருந்திருக்கிறது" என்றோ, "எல்லாமே அகலக் கோணத்தில்தான் நடந்திருக்கின்றன" என்றோ குறிப்பேடே சொல்லிவிடும். நினைவை மட்டும் நம்பினால் இது கிட்டாது. எரிச்சலூட்டிய நிகழ்ச்சியை மனம் பெரிதாக வைத்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடும்.

திரையில் தோன்றும் எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். கேனான் காமிராக்களில் பிழை எண் 01 வந்தால் லென்ஸுடன் தொடர்பு சரியில்லை என்று பொருள். 02 என்றால் கார்டை அணுக முடியவில்லை. 04 கார்டு நிரம்பிவிட்டது என்பதையும், 05 காமிராவிலேயே உள்ள பிளாஷ் எழும்ப இயலாமல் தடைபட்டது என்பதையும் குறிக்கும். 20 முதல் 80 வரையிலான எண்களும் 99உம் பொதுவான கோளாறுகள். பாட்டரியை எடுத்து மீண்டும் பொருத்தச் சொல்லும். நிக்கானில் கார்டு பற்றிய குறை ஒருவகை எழுத்துகளாலும், லென்ஸ் பற்றிய குறை வேறுவகை எழுத்துகளாலும் காட்டப்படும். காமிராவோடு வந்த கையேட்டின் இறுதிப் பக்கங்களில் இவற்றின் அட்டவணை இருக்கும். கையேடு தொலைந்திருந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

பழுதுபோல் தோன்றும் பழுதல்லாதவை

விசாரணையைத் தொடங்குமுன் நிரபராதிகளை விடுவித்துவிடுவது நல்லது. காமிரா தன் கடமையைச் செய்யும்போதே நாம் அதைப் பழுதென்று கருதும் இடங்கள் பல உள்ளன.

பொத்தானை அழுத்தியும் படம் விழவில்லையா? காட்சி தெளிவாகக் குவியாதவரை படம் எடுக்க மறுப்பது காமிராவின் இயல்பான அமைப்பு. வெறும் வெள்ளைச் சுவர், மங்கிய வெளிச்சம், மிக அருகில் உள்ள பொருள் ஆகியவற்றில் குவியம் கிட்டாது. லென்ஸில் உள்ள தானியங்கிக் குவியத்தின் விசை தற்செயலாக நகர்ந்திருக்கவும் கூடும்.

தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்தபின் சிறிது நேரம் மறுக்கிறதா? தற்காலிக நினைவகம் நிரம்பிவிட்டது. கார்டில் எழுதி முடிந்ததும் மீண்டும் இயங்கும். இங்கே குறை மெதுவாக எழுதும் கார்டினுடையது.

பிளாஷ் போட்டு எடுத்த படத்தின் ஓரத்தில் கரும்பட்டை விழுகிறதா? பெரும்பாலான காமிராக்களில் பிளாஷுடன் எடுக்கத்தக்க உச்ச வேகம் நொடியில் 200இல் ஒரு பங்கு, அல்லது 250இல் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் திரை முழுவதும் திறந்திருக்கும் தருணமே இராது. ஆகவே ஒரு பகுதி இருண்டுவிடும்.

மண்டபத்து விளக்கொளியில் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது வெளுப்பாகவும், நடுவே பட்டை பட்டையாகவும் வருகிறதா? நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது; அதனால் குழல் விளக்குகளும் சில எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இத்துடிப்பு வேகமான ஷட்டரில் அகப்பட்டுக்கொள்கிறது. வேகத்தை நொடியில் 100இல் ஒரு பங்கு, அல்லது 50இல் ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள். பட்டைகள் மறைந்தால் காமிரா குற்றமற்றது.

இவற்றோடு, காமிராவின் அமைப்புகள் அனைத்தையும் ஒருமுறை தொழிற்சாலை நிலைக்கு மாற்றிவிடுங்கள். எவரோ ஒருவர் மாற்றி வைத்த விருப்பத் தேர்வே பல புதிர்களுக்கு விடையாக இருப்பதுண்டு.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

இனி உண்மையான விசாரணை. இதற்குரிய விதி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பாட்டரி, கார்டு, லென்ஸ் மூன்றையும் ஒருங்கே மாற்றிப் பழுது நீங்கிவிட்டால், எது குற்றவாளி என்பது தெரியாமலே போய்விடும். அது மீண்டும் நம் பைக்குள் வந்து சேரும்.

முதலில் கூடுதல் பாகங்களைக் கழற்றிவிடுங்கள். கீழே பொருத்தும் பாட்டரிப் பிடி, மேலே மாட்டும் பிளாஷ், தொலைவிசை, வெளி ஒலிவாங்கி ஆகிய எதுவும் வேண்டாம். காமிரா, ஒரு லென்ஸ், ஒரு பாட்டரி, ஒரு கார்டு மட்டும் இருக்கட்டும். இந்நிலையில் பழுது தோன்றாவிட்டால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துவாருங்கள். மலிவான பாட்டரிப் பிடிகளின் தளர்ந்த முனைகள் பல காமிராக்களுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கின்றன.

உங்களுடையது போன்ற காமிரா நண்பர் ஒருவரிடம் இருந்தால் அது பேருதவி. உங்கள் பாட்டரியை அவருடைய காமிராவிலும், அவருடையதை உங்களதிலும் மாற்றிப் போடுங்கள். பழுது பாட்டரியோடு சேர்ந்து அவரிடம் சென்றுவிட்டால் காரணம் அகப்பட்டது. உங்கள் காமிராவிலேயே தங்கிவிட்டால் பாட்டரி குற்றமற்றது. அடுத்து கார்டு, அதன்பின் லென்ஸ் என்று இவ்வாறே தொடரலாம்.

பாட்டரி: நிறைந்ததுபோல் நடிக்கும்

லித்தியம் பாட்டரி முதுமையடையும்போது அதன் உள்தடை கூடுகிறது. சும்மா இருக்கும்போது முழு அளவு மின்னழுத்தம் காட்டும். கண்ணாடியைத் தூக்கவும் ஷட்டரை இயக்கவும் திடீரென மின்சாரம் தேவைப்படும் அந்தக் கணத்தில் அழுத்தம் சரிந்துவிடும்; காமிரா உறையும். சற்று ஓய்ந்தபின் மீண்டும் முழு அளவு காட்டும். "பாட்டரி நிறைந்திருக்கிறதே" என்று நாம் ஏமாறும் இடம் இதுதான்.

கேனான், நிக்கான் இரண்டிலும் பல காமிராக்களின் பட்டியலில் பாட்டரியின் நலத்தைக் காட்டும் பகுதி உண்டு. நிக்கானில் 0 என்பது புதியது, 4 என்பது மாற்ற வேண்டியது. கேனானில் மூன்று கட்டங்கள் பச்சையாகத் தெரிந்தால் நல்ல நிலை. பிற நிறுவனங்களின் மலிவுப் பாட்டரிகளில் இச்செய்தி கிடைக்காமலும் போகலாம். அவற்றைக் கொண்டு சோதனை செய்யாதீர்கள். பாட்டரியின் உலோக முனைகளை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். பாட்டரி அறையின் கதவும் கார்டு அறையின் கதவும் முழுதும் மூடியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல காமிராக்களில் கதவு மூடியதை உணரும் நுண்விசை ஒன்று உண்டு. கதவின் சிறு முனை தேய்ந்திருந்தால், கையின் பிடி இறுகும்போது இயங்கி, தளரும்போது நின்றுவிடும். கதவை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு படமெடுத்துப் பார்த்தால் இது வெளிப்படும்.

மெமரி கார்டு: சிறியது, குற்றம் பெரியது

எடுத்த படம் காணவில்லை, பாதிப் படம் சாம்பல் நிறமாகிவிட்டது, 'கார்டு இல்லை' என்கிறது போன்ற புகார்களில் முதல் சந்தேகம் கார்டின் மீதே விழ வேண்டும். எஸ்.டி. கார்டின் பக்கவாட்டில் உள்ள பூட்டு விசை தளர்ந்திருந்தால், நுழைக்கும்போதே நகர்ந்து, எழுதவிடாமல் தடுக்கும். பழைய சி.எப். கார்டுகளைப் பயன்படுத்தும் காமிராவாயின், அதன் அறையில் 50 ஊசிமுனைகள் உண்டு. அவற்றுள் ஒன்று வளைந்தாலும் போதும். கைவிளக்கின் ஒளியில் உள்ளே பாருங்கள். வளைந்திருந்தால் நீங்களே நிமிர்த்த முயல வேண்டாம்.

சந்தையில் போலிக் கார்டுகள் மலிந்துள்ளன. 64 ஜி.பி. என்று எழுதியிருக்கும், உண்மையில் உள்ளே இருப்பது அதில் ஒரு சிறு பங்கே. அந்த அளவு வரை எல்லாப் படமும் நன்றாகவே பதியும்; அதைத் தாண்டியதும் பதிவது பாழாகும். "முதலில் நன்றாகத்தான் வேலை செய்தது" என்ற புகாரின் மூலம் பெரும்பாலும் இதுவே. கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் கணினியில் உண்டு. புதிய கார்டு வாங்கிய அன்றே அச்சோதனையைச் செய்துவிடுவது நலம்.

கார்டைக் காமிராவிலேயே 'பார்மட்' செய்யுங்கள். படங்களைக் கணினியில் சேமித்தபின் செய்யுங்கள். கார்டு விளக்கு எரியும்போது கதவைத் திறக்காதீர்கள். படங்கள் மறைந்துவிட்டால் அக்கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் தனியே எடுத்து வையுங்கள். புதிதாக எதுவும் எழுதப்படாதவரை, இழந்தவற்றை மீட்பதற்கான வாய்ப்பு உண்டு.

லென்ஸ்: எந்த நிலையில் மறுக்கிறது?

பிழை எண் லென்ஸைச் சுட்டினால், காமிராவை அணைத்து, லென்ஸைக் கழற்றி, இரு பக்கத்து முனைகளையும் நூலிழை உதிராத துணியால் துடையுங்கள். தேவையானால் துணியில் ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். உப்புத்தாளோ ரப்பரோ கொண்டு தேய்த்தால் பொன்முலாம் போய்விடும். பிறகு பழுது நிரந்தரமாகும். வாயால் ஊதவும் வேண்டாம். எச்சில் துளிகள் உள்ளே தெறிக்கும்.

துடைத்தும் தீராவிட்டால் ஒரு சோதனை செய்யுங்கள். ஒளித்துளையை முழுதும் திறந்த நிலையில், அதாவது மிகச் சிறிய எண்ணில் வைத்து 30 படம் எடுங்கள். அடுத்து எஃப் 11 என்ற நிலையில் 30 படம் எடுங்கள். திறந்த நிலையில் தவறாமல் இயங்கி, சுருங்கிய நிலையில் மட்டும் மறுத்தால், இதழ்களை இயக்கும் பகுதியில் குறை உள்ளது. ஒரு குறிப்பிட்ட ஜூம் நிலையில் மட்டும் மறுத்தால், உள்ளே மடங்கி நிமிரும் நாடா போன்ற மின்கம்பியில் விரிசல் இருக்கக் கூடும். ஜூமை நீட்டும்போதும் சுருக்கும்போதும் அந்நாடா ஆயிரக்கணக்கான முறை வளைகிறது. ஒரு நாள் அதன் இழை அறுகிறது. ஒரு நிலையில் இரு முனைகளும் ஒட்டிக்கொள்கின்றன; மறு நிலையில் விலகுகின்றன. இது லென்ஸின் நோய். இதற்காகக் காமிராவை மாற்றுவது வீண்செலவு.

நிக்கான் காமிராவில், துளைவளையம் உள்ள பழைய லென்ஸை மாட்டினால், அவ்வளையத்தை மிகப் பெரிய எண்ணில் வைத்துப் பூட்ட வேண்டும். அது சற்றே நகர்ந்தாலும் காமிரா மறுக்கும். சில வேளை மட்டும் படம் அளவுமீறி வெளுத்துப்போனால், இதழ்களில் எண்ணெய் படிந்து அவை உரிய நேரத்தில் சுருங்காமல் தாமதிக்கின்றன என்று கொள்ளலாம்.

ஷட்டர்: தேயும் உறுப்பு

ஷட்டர் ஓர் இயந்திர உறுப்பு. அதற்கு ஆயுள் உண்டு. நடுத்தரக் காமிராக்களுக்கு 1,00,000 முதல் 1,50,000 முறை வரை என்று நிறுவனங்கள் மதிப்பிடுகின்றன. அதைத் தாண்டியும் உழைப்பவை உண்டு. அதற்கு முன்பே தளர்பவையும் உண்டு. நிக்கான் காமிரா பதியும் படக்கோப்பிலேயே அதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை அடங்கியிருக்கும். தகுந்த மென்பொருளால் அதைப் படிக்கலாம். பழைய காமிரா வாங்குவோர் இதைக் கேட்டறியாமல் பணம் கொடுக்கலாகாது.

சோதனை எளிது. பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைச் சுவரை, நொடியில் 60இல் ஒரு பங்கிலிருந்து 4000இல் ஒரு பங்கு வரை வெவ்வேறு வேகங்களில், ஒளியளவு மாறாதவாறு சரிசெய்துகொண்டு படமெடுங்கள். அதிவேகங்களில் மட்டும் படத்தின் ஒரு பகுதி இருண்டால் ஷட்டர் திரைகள் சீராக ஓடவில்லை என்று அறியலாம்.

இவ்வகைப் பழுது சில வேளை தயாரிப்பிலேயே நேர்ந்துவிடுவதுண்டு. நிக்கான் டி 750 காமிராக்களில் ஒரு பகுதியில் ஷட்டர் சரிவர இயங்காமல் படத்தின் ஒரு பாகம் நிழலடிப்பதை அந்நிறுவனமே 2015ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டு, இலவசமாக மாற்றிக் கொடுத்தது. ஆகவே பணம் செலவழிக்குமுன், உங்கள் காமிராவின் வரிசை எண்ணுக்கு அத்தகைய அறிவிப்பு ஏதேனும் வெளியாகியுள்ளதா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஈரமும் வெப்பமும்

2005ஆம் ஆண்டு சோனி நிறுவனம் தான் தயாரித்த ஒருவகைச் சென்ஸார்களில் குறை இருப்பதாக அறிவித்தது. அவற்றைப் பயன்படுத்திய பல நிறுவனங்களின் காமிராக்கள், பெரும்பாலும் சிறு காமிராக்கள், பாதிக்கப்பட்டன. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் சென்ஸாரின் உள்ளிருந்த நுண்ணிய கம்பி இணைப்புகள் விட்டுப்போயின; படம் சிதைந்தது, அல்லது விழவேயில்லை. தொழிற்சாலையில் தேர்ச்சி பெற்ற பொருளையும் சூழல் வீழ்த்தக் கூடும் என்பதற்கு இது சான்று. கடலோர ஊர்களில் வாழும் நம்மவர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். உப்புக் காற்று உலோக முனைகளை அரிக்கிறது; ஈரம் லென்ஸில் பூஞ்சை வளர்க்கிறது.

குளிரூட்டிய அறையில் நெடுநேரம் இருந்த காமிராவைச் சட்டென வெளியே எடுத்தால், குளிர்ந்த உறுப்புகளின் மீது காற்றின் ஈரம் பனிபோல் படியும், உள்ளேயும் படியும். அரைமணி கழித்து அது உலர்ந்ததும் பழுதும் மறைந்துவிடும். குறிப்பேட்டில் "மண்டபத்திலிருந்து வெளியே வந்தபோது" என்று மீண்டும் மீண்டும் வந்தால் காரணம் இதுவே. வெளியே கொண்டுவருமுன் காமிராவைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, வெளி வெப்பத்திற்கு வந்தபின் பிரியுங்கள். வீட்டில், இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் அவை நீரை நிறைய உறிஞ்சிவிட்டன. உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். அரிசிப் பானையில் புதைக்கும் வழக்கம் வேண்டாம். அதன் மாவுத் தூசி வேறு தொல்லை தரும்.

எத்தனை முறை சோதித்தால் போதும்?

பலர் இடறும் இடம் இது. 50 படங்களுக்கு ஒருமுறை பழுது வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டரியை மாற்றி 20 படம் எடுக்கிறோம், பழுதில்லை. "சரியாகிவிட்டது" என்று மகிழ்கிறோம். ஆனால் கணக்குப் பார்த்தால், எதையுமே மாற்றாவிட்டாலும் 20 படங்கள் பழுதின்றி அமைவதற்கு மூன்றில் இரு பங்கு வாய்ப்பு உண்டு! அந்த 20 படங்கள் எதையும் நிரூபிக்கவில்லை. 150 படங்கள் தொடர்ந்து பழுதின்றி வந்தால் மட்டுமே, அது தற்செயலாக இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தாகக் குறைகிறது. பழுது எத்தனை படங்களுக்கு ஒருமுறை வருகிறதோ, அதன் மும்மடங்கு சோதிப்பதை விதியாகக் கொள்ளுங்கள். ஒன்றரை லட்சம் முறை உழைக்கவல்ல ஷட்டருக்கு 150 படங்கள் ஒரு சுமையே அன்று.

பழுதுபார்ப்பவரிடம் செல்லும்போது

இத்தனைக்கும் பிறகு பழுது நீடித்தால், அல்லது காரணம் உள்ளுறுப்பு என்று தெரிந்தால், கைதேர்ந்தவரை நாடுங்கள். நீங்களே திறக்க முற்பட வேண்டாம். காமிராவிலேயே பிளாஷ் உள்ளவற்றில், அதற்குரிய மின்தேக்கி ஏறத்தாழ 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். பாட்டரியை எடுத்த பின்னும் அது தங்கியிருந்து தாக்கக் கூடும். வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாகத் திறந்துவிடாதபடியும் காக்க வேண்டும்.

செல்லும்போது காமிராவை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பழுது தோன்றிய லென்ஸ், பாட்டரி, கார்டு ஆகியவற்றையும், பிழை எண் தெரியும்படி கைப்பேசியில் எடுத்த படத்தையும், உங்கள் குறிப்பேட்டின் ஒரு பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். "எஃப் 11இல், அகலக் கோணத்தில், ஏறத்தாழ 40 படத்திற்கு ஒருமுறை, வேறு லென்ஸில் வருவதில்லை" என்று நீங்கள் கூறினால், அவருடைய வேலையில் பாதி முடிந்துவிடும். உங்கள் செலவும் அதற்கேற்பக் குறையும். மாற்றும் உறுப்பின் விலை, கூலி, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். செலவு, அதே வகைக் காமிராவின் இரண்டாம் கை விலையில் பாதியைத் தாண்டினால் ஒருமுறை யோசிப்பது நன்று.

காரணம் அகப்படும்வரை, அத்தகைய காமிராவை நம்பி எவருடைய திருமணத்தையும் ஒப்புக்கொள்ளலாகாது. அவசியம் நேர்ந்தால் மாற்றுக் காமிரா ஒன்றை வாடகைக்கேனும் உடன் வைத்திருங்கள். இரு கார்டு அறைகள் உள்ள காமிராவில் ஒரே படத்தை இரண்டிலும் பதியுமாறு அமைத்துவிடுங்கள். வீட்டாரிடம் வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடலாம். எடுக்கத் தவறிய படத்தைத் திருப்பித் தர நம்மால் இயலாது.

காமிராவுக்கு மனநிலை கிடையாது. அது நம்மைப் பழிவாங்குவதும் இல்லை. மறுக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு காரணம் இருந்தே தீரும். இன்றே ஒரு சிறு குறிப்பேட்டைக் காமிராப் பையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை திரையில் அந்த எண் தோன்றும்போது அவசரப்பட்டு அணைத்துவிடாமல், முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.